லேப்டாப் எழ நேரமாகிறதா? அணைக்கும் முன் பாருங்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் தன் பில் போடும் லேப்டாப்பைப் பற்றிச் சொன்ன கணக்கு இது: "பட்டனை அமுக்கிட்டு, எதிர்ல போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வந்தா, அப்பதான் சுத்துற வட்டம் நிக்குது தம்பி."

போய் உட்கார்ந்ததும் நான் செய்த வேலை, கண்ணில் பட்டதையெல்லாம் அணைத்தது. விண்டோஸ் எழும்போது எதெல்லாம் ஓட வேண்டும் என்று மாற்ற உதவும் எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, பின்னணியில் ஓடும் 'சேவை'களில் மைக்ரோசாஃப்டுடையதை மறைக்கும் கட்டத்தில் டிக் போட்டேன். மிச்சமிருந்த அத்தனைக்கும் டிக்கை எடுத்துவிட்டேன். மைக்ரோசாஃப்டுடையது இல்லையென்றால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதுதானே என்று ஒரு நினைப்பு. மறுநாள் காலையிலேயே போன். "தம்பி, பில்லே வரலையே!" அணைத்தவற்றில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளும் ஒன்று. அவருடைய பில்லிங் மென்பொருளின் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

இவ்வளவு செய்தும் வேகம் கூடியதா என்றால், அதுவும் இல்லை.

நேரம் எங்கே போகிறது என்று பார்க்காமல் கை வைத்ததுதான் தவறு. ஏற்காடு பஸ் லேட் என்றால், சேலத்தில் கிளம்பும்போதே லேட்டா, 20 கொண்டை ஊசி வளைவுகளில் திணறியதா என்று கேட்போம் இல்லையா? இங்கேயும் அப்படித்தான். பட்டனை அமுக்கி விண்டோஸ் தொடங்கும் வரை ஒரு நேரம், பாஸ்வேர்டு கேட்கும் வரை ஒரு நேரம், டெஸ்க்டாப் வந்தபின் மவுஸ் நகர மறுக்கும் நேரம் ஒன்று. விண்டோஸோடு தானாக எழும் ஆப்களின் பட்டியலான ஸ்டார்ட்அப்பில் அணைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதற்குத்தான் உதவும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதன் ஸ்டார்ட்அப் பக்கத்தில் மேலே வலது மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று, விண்டோஸ் தொடங்குவதற்கு முன் போன நேரம் விநாடிக் கணக்கில் இருக்கும். அதுவே அரை நிமிடத்தைத் தொட்டால் விண்டோஸைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. செருகியிருக்கும் பென்டிரைவ்களைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் அதே டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். அண்ணன் லேப்டாப்பில் டெஸ்க்டாப் வந்து பல நிமிடம் ஆகியும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது. உள்ளே இருந்தது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். எதை அணைத்தாலும் அதற்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். பேக்கப் எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத வேகமான எஸ்எஸ்டி மாற்றினோம். இதை முதல் நாளே பார்த்திருக்கலாம்.

சரி, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றால் எதை அணைப்பது? 'ஹை இம்பாக்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். எழும்போது ஒரு விநாடிக்கு மேல் சிபியு நேரமோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்தாலே அந்தப் பெயர் வந்துவிடும். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது தானாக எழாவிட்டால் எனக்கு என்ன நின்றுபோகும்? பாட்டு ஆப், கேம் லாஞ்சர், மீட்டிங் ஆப் எல்லாம் தேவைப்படும்போது திறந்தால் போதும், அணைக்கலாம். டச்பேட், ஆடியோ, ஆன்டிவைரஸ், தமிழ் தட்டச்சு மென்பொருள், ஜிஎஸ்டிக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றைத் தொடாதீர்கள். ஒன்டிரைவ் இரண்டுங்கெட்டான்: பில் பேக்கப் அதில் போகிறதென்றால் விடுங்கள், இல்லையென்றால் அணையுங்கள். பெயரே புரியாத சேவை என்றால் எது என்று தேடிப் பார்க்கும் வரை அப்படியே இருக்கட்டும்.

ஷட்டவுன் செய்து திறந்துவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்பவர்கள் நிறைய. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விண்டோஸ் வசதி ஆனில் இருந்தால், ஷட்டவுனில் விண்டோஸ் தன் உள்பகுதியை டிஸ்கில் எழுதி வைத்து, மறுபடி அதையே எடுத்துக்கொள்ளும். முழுதாகப் புதிதாய் எழுவது ரீஸ்டார்ட்டில்தான். அதனால் ஒன்றிரண்டை அணைத்து, ரீஸ்டார்ட் கொடுத்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். வேகம் கூட்டும் ஆப் என்று இலவசமாகக் கிடைப்பதை மட்டும் போட்டுவிடாதீர்கள். பல நேரம் அதுவே ஸ்டார்ட்அப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எதை என்றைக்கு அணைத்தோம் என்று ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. அண்ணன் கடையில் அந்தத் தாள் பில் புத்தகத்தின் அட்டைக்குள் இருக்கிறது. முதல் வரி அவர் கையெழுத்தில்: "மைஎஸ்க்யூஎல் – தம்பி வந்தாலும் தொடக்கூடாது."