கறுப்பு கார், போர் தண்ணீர், கடைசிப் பத்து லிட்டர்

கறுப்பு கார் வேண்டாம் என்று அண்ணன் சொன்னபோதே கேட்டிருக்கலாம். எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீர்தான், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை முதுகு வலிக்கக் கழுவிவிட்டு, காபி குடித்துத் திரும்பினால் போனட் முழுக்க வெள்ளைப் புள்ளி. ஷாம்புதான் சரியில்லை என்று மூன்று ஷாம்பு மாற்றினேன். கடைசியில் முந்நூறு ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக் குழாய்த் தண்ணீரில் முக்கினேன். 1,340 காட்டியது. அதாவது லிட்டருக்கு 1,340 மில்லிகிராம். அந்த ஒரு லிட்டர் கார் மேலேயே காய்ந்தால், ஒன்றேகால் கிராமுக்கு மேல் உப்பு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

முழுக் காரையும் நல்ல தண்ணீரில் கழுவத் தேவையில்லை. தூசி போக்க, ஷாம்பு போட, அலச எல்லாம் போர் தண்ணீரே போதும். கார் மேல் கடைசியாக நிற்கிற தண்ணீர்தான் சுத்தமாக இருக்க வேண்டும். சின்ன காருக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர்.

முதலில் தண்ணீர் சேருங்கள். வீட்டு ஆர்ஓ போதும் என்று நினைத்துப் பிடித்தேன். மீட்டரில் 165. சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் திருகு ஒன்று அதற்குள் இருக்கிறதாம். சர்வீஸுக்கு வந்த தம்பி அதை மூடிக் காட்டியதும் 48க்கு இறங்கியது. (குடிக்கப் பிடிக்கும்போது மறக்காமல் திறந்துவிடுங்கள்.) 50க்குக் கீழே இருந்தால் என் கண்ணுக்குப் புள்ளி தெரிவதில்லை.

ஆனால் என் ஓட்டு ஏசி தண்ணீருக்குத்தான். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர், அதில் உப்பு ஏறக்குறைய இருக்காது. எங்கள் வீட்டில் அளந்தபோது 14. செலவும் கிடையாது. உள்ளே இருக்கும் தூசியும் வழவழப்பும் சேர்ந்து வரும் என்பதால், பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். பக்கெட்டை மூடி வையுங்கள், டெங்கு கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீரும் வேலை செய்யும், ஆனால் வாராவாரம் வாங்கக் கட்டுப்படியாகாது.

அடுத்து தெளிப்பான். மக்கில் ஊற்றினால் இருபது லிட்டரும் பத்தாது. செடிக்கு மருந்தடிக்கும் ஐந்து லிட்டர் கைப்பம்ப் ஒன்று புதிதாக வாங்குங்கள். களைக்கொல்லி அடித்த பழைய பம்பை இரவல் வாங்க வேண்டாம்.

இனி கழுவுதல். வெயில் ஏறும் முன், நிழலில், மேலிருந்து கீழே. இது எல்லோருக்கும் தெரியும்.

நான் சறுக்கிய இடம் இதுதான். நல்ல தண்ணீர் அடித்த முதல் வாரமும் கூரையில் புள்ளி! மீட்டர் பொய் சொல்கிறதோ என்று மறுபடி அளந்தேன், அதே 14. இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது. நான் டயர் வரை தேய்த்து முடிப்பதற்குள், முதலில் அலசிய கூரை காய்ந்துவிட்டிருந்தது. காய்ந்து ஒட்டிய சுண்ணாம்பை நல்ல தண்ணீர் அடித்துக் கரைக்க முடியாது. நல்ல தண்ணீர் செய்வதெல்லாம், இன்னும் ஈரமாக இருக்கும் உப்புத் தண்ணீரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் நிற்பது. அதனால் டயரை முதலிலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் கூரை: ஷாம்பு, போர் தண்ணீர், உடனே நல்ல தண்ணீர். பிறகு போனட், அதே வரிசை. கீழே இறங்கும்போது மேலே போர் தண்ணீர் தெறித்தால், அந்த இடத்துக்கு மறுபடி ஒரு பீய்ச்சு.

பக்கக் கண்ணாடிக்குள்ளும் கதவுக் கைப்பிடிக்குப் பின்னாலும் போர் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். எல்லாம் முடிந்து பத்து நிமிடம் கழித்துக் கதவில் கண்ணீர் விட்ட மாதிரிக் கோடு இறங்கும். அந்த இடுக்குகளில் பம்பின் மூக்கை நேராக வைத்து அடியுங்கள். கதவுகளை ஒருமுறை திறந்து மூடி, வடிவதை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். மற்ற இடங்களை நான் துடைப்பதே இல்லை, தானாகக் காயட்டும்.

பின்சேர்க்கை: "வீட்டில் கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருக்கிறதே, அது போதாதா?" என்று இருவர் கேட்டார்கள். போதாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது, டிடிஎஸ் குறைவதில்லை. புள்ளி வரும், ஆனால் ஈரத் துணிக்கே போய்விடும். இன்னொருவர் ஆர்ஓ கழிவுத் தண்ணீரில் கடைசி அலசல் செய்திருக்கிறார். ஐயா, வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது! டயருக்கு வேண்டுமானால் ஊற்றுங்கள்.

ஏற்கெனவே படிந்த புள்ளிக்கு: வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து, சூடில்லாத பரப்பில் ஒரு நிமிடம் வைத்து அலசுங்கள். என் பின்கண்ணாடியில் இருந்த மூன்று புள்ளிகள் அதற்கும் அசையவில்லை. பாலிஷ் போடச் சொல்கிறார்கள், இன்னும் போடவில்லை.