பாஸ்வேர்டை நீட்டுங்கள், லிங்க்கைப் பின்னாலிருந்து படியுங்கள்

எப்போதோ ஒரே ஒரு முறை பொருள் வாங்கிய ஒரு சின்னத் தளத்திலிருந்து என் பாஸ்வேர்டு கசிந்தது. அந்தத் தளத்தையே மறந்துபோயிருந்தேன், ஆனால் ஈமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டைத்தான் வைத்திருந்தேன், ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் யாரோ உள்ளே புகுந்து வேறு மூன்று கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றி முடித்திருந்தார்கள். யாரும் மூளையைக் கசக்கி என் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கவில்லை. ஓரிடத்தில் கசிந்த பட்டியலை மற்ற தளங்களில் எல்லாம் போட்டுப் பார்க்கும் வேலையை ஒரு நிரல் தானாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் ஈமெயிலைக் கவனியுங்கள். எந்தக் கணக்கில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்று அழுத்தினாலும் லிங்க் வந்து விழுவது அங்கேதான். மற்றதை மாற்ற இன்றைக்கு நேரமில்லையா, பரவாயில்லை, இதற்கு மட்டும் வேறெங்கும் போடாத புது பாஸ்வேர்டு வையுங்கள்.

நீளமாக வையுங்கள். 2009-இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் வெளியே வந்தபோது முதலிடம் 123456-க்குத்தான். கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி, 'ஏ'-வுக்குப் பதில் @ என்பதெல்லாம் திருடனின் நிரலுக்குப் பழைய வித்தை. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்கூட, குறியீடு இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லவும் வேண்டாம் என்று 2017-இல் சொல்லிவிட்டது. ஒரு புத்தகத்தை அங்கங்கே திறந்து, விரல் பட்ட இடத்தில் இருக்கும் சொற்களைக் கோத்துவிடுங்கள்: நத்தை, ஏணி, மத்தியானம், தகரம், குடை. ஆங்கில எழுத்தில் அடித்தால் முப்பதை ஒட்டி வரும். (இதையே வைத்துவிடாதீர்கள்!) இப்படி இரண்டு மூன்றை நினைவில் வைத்தால் போதும், மீதியைப் பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைத்து, கேட்கும் இடத்தில் நிரப்பித் தரும் ஆப்) பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னோர் எண்ணையும் கேட்பது. சிம்மை ஏமாற்றித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்பவர்கள் இருப்பதால், எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைவிட, இதற்கென்றே உள்ள ஆப்பில் 30 வினாடிக்கு ஒரு முறை மாறும் எண் நல்லது. எஸ்எம்எஸ் மட்டும்தான் கிடைக்கிறதென்றால் அதுவும் சரி. போன் தொலைந்தால் உள்ளே போக உதவும் பேக்கப் எண்களைத் தாளில் எழுதி வையுங்கள், போனிலேயே வைத்து என்ன பயன்?

இனி மோசடிச் செய்திகள். எழுத்துப்பிழையை வைத்துப் பிடித்த காலம் போய்விட்டது, இப்போது நம்மைவிடச் சுத்தமாக எழுதுகிறார்கள். மாறாமல் இருப்பது அவசரம்தான்: இன்னும் இரண்டு மணி நேரத்தில் கணக்கு முடங்கும், உடனே அழுத்தவும். வந்த லிங்க் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

உங்கள்வங்கி.காம்.உறுதிசெய்க.நெட்/லாகின்

தொடக்கத்தில் ஹெச்டிடிபிஎஸ் என்று இருந்தால் அதை விட்டுவிட்டு, முதல் சாய்கோட்டில் விரலை வைத்து அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். நெட், அதற்கு முன் உறுதிசெய்க. தளத்தின் சொந்தப் பெயர் அதுதான் (கோ.யூகே மாதிரி முடிந்தால் இன்னொரு சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும்). முன்னால் நிற்கும் உங்கள்வங்கி.காம் வெறும் ஒட்டு, தன் பெயருக்கு முன்னால் யாரும் எதையும் ஒட்டிக்கொள்ளலாம். பக்கத்திலுள்ள பூட்டுப் படத்தை நம்பாதீர்கள், இணைப்பு மறையாக்கப்பட்டிருக்கிறது (நடுவில் யாரும் படிக்க முடியாது) என்பதைத் தவிர அது வேறெதற்கும் உத்தரவாதம் இல்லை. பாஸ்வேர்டு மேனேஜர் வழக்கம்போல் தானாக நிரப்பாமல் சும்மா இருந்தாலும் சந்தேகப்படுங்கள், அது பார்ப்பது பக்கத்தின் அழகை இல்லை, முகவரியை.

ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, நம் பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்லிப் பேசினாலும்தான். நண்பரின் கணக்கிலிருந்து பணம் கேட்டு வந்தால் அங்கேயே பதில் போடாமல் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்து பாஸ்வேர்டை அடித்துவிட்டீர்களா? உண்மையான தளத்துக்கு நீங்களே போய் அதை மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் லாகவுட் செய்யுங்கள், ஈமெயில் என்றால் அமைப்புகளில் ஃபார்வர்டிங் (வரும் மெயிலை வேறு முகவரிக்கும் அனுப்புவது) பகுதியையும் திறந்து பாருங்கள். நான் பாஸ்வேர்டை மாற்றி நிம்மதியாகத் தூங்கிய பிறகும், எனக்கு வந்த ஒவ்வொரு மெயிலின் நகலும் இரண்டு வாரம் யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது.