சி.சி.ஆர்.என். தேர்வுக்கு எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? ஐ.சி.யூ. தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்

"எழுதலாம்னு இருக்கறனுங்கக்கா, ஆனா புஸ்தகத்தத் தொறந்தாலே மலைப்பா இருக்குதுங்க. எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?"

பெருந்துறைப் பக்கத்து ஐ.சி.யூ. ஒன்றில் வேலை செய்யும் தங்கை போன வாரம் போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஈரோட்டிலோ, கோவையிலோ, சேலத்திலோ இரண்டு மூன்று வருடம் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்த செவிலியருக்கு சி.சி.ஆர்.என். என்னும் இந்தத் தீவிர சிகிச்சைச் செவிலியர் தேர்வின் பாதிப் பாடம் கையிலேயே இருக்கிறது. பெட் அருகில் தினமும் செய்வதை, ஏன் செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லப் பழகுவதுதான் படிப்பு.

முதலில் தகுதியைப் பாருங்கள், பிறகு பணம் கட்டுங்கள்

சி.சி.ஆர்.என். என்பது அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கத்தின் சான்றிதழ் அமைப்பு நடத்தும் தேர்வு. பெரியவர்கள், குழந்தைகள், பச்சிளம் குழந்தைகள் என்று மூன்று பிரிவு உண்டு. நான் பேசுவது பெரியவர்களுக்கான தேர்வைப் பற்றி.

இதை எழுத அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலத்தின் ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமம் கையில் இருக்க வேண்டும். அதாவது முதலில் அந்த உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் தேர்ச்சி. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு மட்டும் இதற்குப் போதாது. கோச்சிங் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு இது தெரிந்தது. சேர்க்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பணம் என் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்தது. இன்னொருத்திக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதுகிறேன்.

அடுத்தது பணிநேரம். கடைசி 2 ஆண்டுகளில் 1,750 மணி நேரம் தீவிர நோயாளிகளை நேரடியாகக் கவனித்திருக்க வேண்டும், அதில் 875 மணி நேரம் கடைசி ஓராண்டில். 8 மணி நேர டூட்டி என்றால் மொத்தம் சுமார் 219 டூட்டி. நம் ஊர் ஐ.சி.யூ.வில் ஒரு வருடத்திலேயே அதைத் தாண்டிவிடுவோம். இடைவெளி விட்டு வேலை செய்தவர்களுக்கு இன்னொரு வழி: 5 ஆண்டுகளில் 2,000 மணி நேரம், கடைசி ஆண்டில் 144.

ஆனால் எந்த மருத்துவமனை என்பதும் கணக்கு. அமெரிக்காவிலோ கனடாவிலோ வேலை செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தரத்துக்கு இணை என்று காட்ட ஜே.சி.ஐ. என்ற சர்வதேச மருத்துவமனைத் தர அங்கீகாரமோ, செவிலியர் பணித் தரத்துக்குத் தரும் மேக்னட் தகுதியோ பெற்ற மருத்துவமனையாக இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனைக்கு அது உண்டா என்று நர்சிங் ஆபீஸில் இன்றே கேளுங்கள். உங்கள் மணி நேரத்துக்குச் சாட்சி சொல்ல மேற்பார்வையாளரோ உடன் வேலை செய்த செவிலியரோ மருத்துவரோ ஒருவர் வேண்டும். வேலை மாறுவதற்கு முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள்.

வெளிநாடு போகும் எண்ணமே இல்லாதவர்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த ஓராண்டு போஸ்ட் பேசிக் கிரிட்டிக்கல் கேர் டிப்ளமோவும், பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு 2 ஆண்டு நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலையும் இருக்கின்றன. அவற்றுக்கும் கீழே சொல்லும் படிப்புமுறை உதவும்.

வினாத்தாளின் உடம்பு

150 கேள்விகள், 3 மணி நேரம். 125 கேள்விகளுக்குத்தான் மதிப்பெண். மீதி 25 சோதனைக் கேள்விகள், எவை என்று நமக்குத் தெரியாது. ஒரு கேள்விக்கு 72 விநாடி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் ஒன்றைக்கூட வெறுமனே விடாதீர்கள். 80 சதவீதம் மருத்துவத் தீர்மானம், 20 சதவீதம் அறமும் பராமரிப்பும். பாடவாரியான பங்கீட்டை அவர்களுடைய தேர்வுக் கையேட்டிலிருந்து அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஒரு நோயாளி, ஒரு பாடம்

நான் கண்ட வழி இது. டூட்டி முடிந்ததும் அன்று பார்த்த ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வேன். பெயர், ஐ.பி. நம்பர் எதுவும் எழுதக் கூடாது. நோய், எண்கள், நாம் செய்தது, ஏன் செய்தோம், இவ்வளவுதான். சார்ட்டைப் போட்டோ எடுக்கவே கூடாது.

மஞ்சள் காட்டுக்கு மருந்தடித்தவர் ஒருவர் மயங்கி வந்தார் என்று வையுங்கள். கருவிழிப் பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது, வாயிலும் நெஞ்சிலும் சளி பொங்குகிறது, நாடி 48. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து விஷம் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவீர்கள். இப்போது உங்களை நீங்களே கேளுங்கள்: அதற்குக் கொடுக்கும் மாற்றுமருந்தான அட்ரோபின் போதும் என்று எதை வைத்து முடிவு செய்கிறோம்? பாவை விரிந்ததை வைத்து என்றால் தவறு. நெஞ்சில் சளிச்சத்தம் அடங்க வேண்டும், நாடியும் ரத்த அழுத்தமும் ஏற வேண்டும். நாடி வேகம் கூடியது என்பதற்காக மட்டும் அட்ரோபினை நிறுத்துவதும் தவறு. அவரைத் தொடும்போது நாம் செய்ய வேண்டியது என்ன? கையுறையும் ஏப்ரனும் போட்டு, அவருடைய துணியைக் கழற்றி, உடம்பைக் கழுவுவது. நச்சுப் பகுதியில் எப்படிக் கேட்டாலும் இந்த வரிசை தெரிந்தவருக்கு விடை தெரியும்.

அடுத்த நாள் சர்க்கரைக்காரர். இன்சுலினை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர். ஏ.பி.ஜி.யில் (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) பிஹெச் 7.18, கார்பன் டை ஆக்சைடு 22, பைகார்பனேட் 8. சோடியம் 132, குளோரைடு 98. ரத்தத்தில் கணக்கில் வராத அமிலம் சேர்ந்திருக்கிறதா என்று காட்டும் ஏனயான் கேப் கணக்கு: 132-லிருந்து 98-ஐயும் 8-ஐயும் கழித்தால் 26. சாதாரணமாக 12-க்குள் இருக்க வேண்டியது. உடம்பு மூச்சால் ஈடுகட்டுகிறதா? பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டினால் 20, அதில் இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். இவருக்கு 22. ஆக ஈடுகட்டல் சரியாக நடக்கிறது, இரண்டாவது சுவாசக் கோளாறு இல்லை. பிறகு அந்தத் தேர்வுக்கே உரிய கேள்வி: பொட்டாசியம் குறைவாக இருந்தால் இன்சுலின் தொடங்கலாமா? கூடாது. இன்சுலின் பொட்டாசியத்தை செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். முதலில் பொட்டாசியம், பிறகு இன்சுலின்.

இப்படி ஒரு நாளைக்கு ஒன்று. மூன்று மாதத்தில் நோட்டு நிறைந்துவிடும். கடைசி வாரத்தில் நான் புரட்டியது அந்த நோட்டை மட்டும்தான்.

கிணறு, மோட்டார், குழாய்

எல்லோரும் பயப்படுவது ஹீமோடைனமிக்ஸ், அதாவது ரத்த ஓட்டத்தின் அழுத்தக் கணக்கு. நம் ஐ.சி.யூ.க்களில் தமனியில் போடும் ஆர்ட்டீரியல் லைன் தினமும் பார்க்கிறோம், இதயம் வழியாக நுரையீரல் தமனி வரை போகும் பல்மனரி ஆர்ட்டரி கதீட்டரைப் பலர் தொட்டதே இல்லை. எனக்கும் எண்கள் மனதில் நிற்கவேயில்லை. கோபியில் எங்கள் தோட்டத்தில் அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு, சொட்டுநீர் ஏன் சரியாக வரவில்லை என்று தேடிக்கொண்டு போன ஒரு நாள்தான் பிடிபட்டது. அவர் மூன்றே இடத்தைப் பார்த்தார்: கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் இழுக்கிறதா, குழாய் எப்படி இருக்கிறது.

கிணற்றுத் தண்ணீர்தான் பிரீலோட், இதயத்துக்குள் வந்து நிரம்பும் ரத்தம். இதயத்தின் வலப்பக்கத்துக்கு சி.வி.பி. (மைய சிரை அழுத்தம்), 2 முதல் 6 வரை. இடப்பக்கத்துக்கு அந்தக் கதீட்டரில் அளக்கும் வெட்ஜ் அழுத்தம், 8 முதல் 12 வரை. மோட்டார் இதயம், நிமிடத்துக்கு 4 முதல் 8 லிட்டர் தள்ளும். குழாயின் இறுக்கம் எஸ்.வி.ஆர். (ரத்தக் குழாய்களின் தடை), 800 முதல் 1,200 வரை.

இப்போது ரத்த அழுத்தம் 84/42 என்று ஒரு நோயாளி. சராசரி அழுத்தம் 56. சி.வி.பி. 2, இதயம் தள்ளுவது 8 லிட்டர். 56-இல் 2 போக 54, அதை 8-ஆல் வகுத்து, சூத்திரத்தில் உள்ள 80-ஆல் பெருக்கினால் எஸ்.வி.ஆர். 540. மோட்டார் நன்றாக ஓடுகிறது, குழாய்தான் தளர்ந்து அகன்றுவிட்டது. செப்சிஸ், உடம்பெங்கும் பரவிய தொற்றின் விளைவு. சலைன் கொடுக்கிறோம், சராசரி அழுத்தம் 65-ஐத் தொடவில்லை என்றால் நார்அட்ரினலின் முதல் மருந்து.

இன்னொருவர் 80/53. சராசரி 62. சி.வி.பி. 13, வெட்ஜ் 24, இதயம் தள்ளுவது 2.8 லிட்டர்தான். அதே கணக்கைப் போட்டால் எஸ்.வி.ஆர். 1,400. கிணறு நிரம்பித் ததும்புகிறது, மோட்டார் இழுக்கவில்லை, உடம்பு பதறிப்போய்க் குழாயை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கார்டியோஜெனிக் ஷாக், இதயம் தளர்ந்து வரும் அதிர்ச்சி நிலை. இவருக்கு அவசரத்தில் ஒரு லிட்டர் சலைன் ஏற்றினால் நுரையீரலில் தண்ணீர் கட்டிவிடும். ரத்த அழுத்தம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், வைத்தியம் நேரெதிர். தேர்வு சோதிப்பது இந்த இடத்தைத்தான்.

கிணறு வற்றினால் என்ன ஆகும், குழாயின் நடுவில் கல் அடைத்தால் என்ன ஆகும் என்று மீதி இரண்டு ஷாக்கையும் நீங்களே வரைந்து பாருங்கள்.

"டாக்டரிடம் சொல்வேன்" என்ற விடை

மாதிரித் தேர்வில் நான் அதிகம் தவறவிட்டது மருத்துவ அறிவால் அல்ல, பழக்கத்தால். ஒரு மாதிரி பாருங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஹை பிரஷர் அலாரம் அடிக்கிறது. ரத்த அழுத்தம் விழுகிறது, வலது நெஞ்சில் மூச்சொலி இல்லை, மூச்சுக்குழல் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்? போர்ட்டபிள் எக்ஸ்ரே கேட்பது, மயக்க மருந்தைக் கூட்டுவது, ஊசி மூலம் காற்றை வெளியேற்ற உடனே ஏற்பாடு செய்வது, ஏ.பி.ஜி. எடுப்பது. நான் எக்ஸ்ரே என்று போட்டேன், வார்டில் அதைத்தான் கேட்டுப் பழகியிருந்தேன். இது டென்ஷன் நியூமோதொராக்ஸ், நெஞ்சுக்குள் காற்று அடைபட்டு நுரையீரலையும் இதயத்தையும் அழுத்துவது. அது எக்ஸ்ரேக்காகக் காத்திருக்காது. அறிகுறியே போதும், மூன்றாவதுதான் விடை.

ஆளை அழைப்பது சரியான விடையாக வரும் இடமும் உண்டு. ஆனால் அழைக்கும் முன் நம் கையால் செய்ய வேண்டியது ஏதாவது விடைகளில் இருக்கிறதா என்று பாருங்கள். சக்‌ஷன், ஆம்பு பை, படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, ஒவ்வாமை கண்டால் ஏறிக்கொண்டிருக்கும் ரத்தப் பையை நிறுத்துவது: இதெல்லாம் செவிலியரின் கை.

மருந்துப் பெயர்களும் இடறும். நாம் அட்ரினலின் என்பதை அவர்கள் எபிநெஃப்ரின் என்பார்கள். நார்அட்ரினலின் நார்எபிநெஃப்ரின். பாராசிட்டமால் அசிட்டமினோஃபென், சால்பூட்டமால் ஆல்பியூட்டரால், பெத்தடின் மெபெரிடின். லாசிக்ஸ் என்று கம்பெனிப் பெயர் சொல்லும் பழக்கத்தை விட்டு ஃபியூரோசமைடு என்று ஹேண்ட் ஓவரிலேயே சொல்லத் தொடங்குங்கள்.

அந்த 20 சதவீதம்

இதைப் படிக்காமல் போய்த்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அவர்கள் சினர்ஜி மாதிரி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்: நோயாளியின் எட்டுத் தன்மைகள், செவிலியரின் எட்டுத் திறன்கள், இரண்டும் பொருந்தினால்தான் நல்ல கவனிப்பு. அந்த எட்டையும் எட்டையும் ஒரு முறை எழுதிப் பாருங்கள், மனப்பாடம் தேவையில்லை.

கடினம் வேறிடத்தில். "ஐயனுக்குக் கேன்சர்னு சொல்லீராதீங்க சிஸ்டர், மனசு ஒடஞ்சுபோயிரும்" என்று மகன் கைகூப்புவதை எத்தனை முறை பார்த்திருப்போம். நம் ஊரில் அது அன்பு, நானும் தலையாட்டியிருக்கிறேன். தேர்வில், சுயநினைவோடு இருப்பவருக்குத் தன் நோயை அறியும் உரிமை முதலில் அவருடையது. அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்பது சரியான விடை. இதைப் படித்த பிறகு என் வார்டு வேலையே மாறியது. இப்போது நான் மகனையும் உட்கார வைத்துப் பேசுகிறேன், பெரியவரிடமும் மெதுவாகக் கேட்கிறேன்.

திருப்பூர்ப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று நன்றாகப் புரியும். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பிள்ளைகள் அடிபட்டு வரும்போது, கூட வந்த மேஸ்திரிதான் மொழிபெயர்ப்பார். ஆபரேஷனுக்கான ஒப்புதல்கூட அப்படித்தான் நடக்கிறது. அவர் என்ன சொன்னார், எதை விட்டார் என்று நமக்குத் தெரியாது. தேர்வில் சரியான விடை, பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளரை அழைப்பது. உறவினரோ முதலாளியோ அல்ல.

12 வாரக் கணக்கு

முதல் இரண்டு வாரம் ஏ.பி.ஜி., ஈ.சி.ஜி., வென்டிலேட்டர் அடிப்படை. அடுத்த நான்கு வாரம் இதயமும் நுரையீரலும், இங்கே அவசரப்படாதீர்கள். பிறகு மூன்று வாரத்தில் சிறுநீரகம், சுரப்பிகள், வயிறு, மூளை. ஒரு வாரம் செப்சிஸ், நச்சு, பல உறுப்புச் செயலிழப்பு. ஒரு வாரம் அறப்பகுதி. கடைசி வாரம் 150 கேள்விகளை 3 மணி நேரம் எழாமல் உட்கார்ந்து இரண்டு முறை.

தினமும் 25 கேள்விகள் போதும். சரியான விடைக்கும் ஏன் சரி என்று படியுங்கள். நைட் டூட்டி முடிந்த காலையில் புதுப்பாடம் வேண்டாம், தூங்குங்கள். நான் ஈரோடு–கோவை பஸ்ஸில் கேள்வி மட்டும் போடுவேன், கணக்குப் பாடத்தை லீவு நாளுக்கு வைத்துக்கொள்வேன்.

விண்ணப்பமும் அதற்குப் பிறகும்

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் 90 நாளுக்குள் எழுத வேண்டும். ஆகவே ஏழெட்டு வாரம் படித்த பிறகு விண்ணப்பியுங்கள். தேதி எடுப்பதற்கு முன் இன்சார்ஜ் அக்காவிடம் டூட்டி லிஸ்ட்டைப் பேசி, முந்தைய இரண்டு இரவும் நைட் இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடும் நம் வழக்கத்தால் இங்கே குழப்பம் வரும், என்கிளெக்ஸுக்குப் பதியும்போதே அதைச் சரிசெய்துவிடுங்கள்.

சான்றிதழ் 3 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க அந்த மூன்று ஆண்டில் 432 மணி நேர நேரடிக் கவனிப்பும் 100 தொடர்கல்விப் புள்ளிகளும் வேண்டும். தேர்ச்சி பெற்ற மறுநாளே ஒரு ஃபைல் போட்டு, போகும் ஒவ்வொரு வகுப்பின் சான்றிதழையும் தேதியோடு அதில் சேர்த்து வாருங்கள். ஏ.சி.எல்.எஸ். (இதய அவசர உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழின் நகலையும் அதிலேயே வையுங்கள்.