கிராமத்துப் போர் நினைவுச் சின்னத்தை வாசிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

இங்கிலாந்தின் கிராமப்புறத் தேவாலயங்கள் பலவற்றில், கல்லறை முற்றத்திலோ அதன் வாசலருகிலோ ஒரு கற்சிலுவை நிற்பதையும், அதன் பீடத்தில் பத்திருபது பெயர்கள் வெட்டப்பட்டிருப்பதையும் காணலாம். முதன்முறையாகப் பார்ப்பவர்கள் அதைக் கல்லறை என்று எண்ணிவிடுவதுண்டு. ஆனால் அதன் அடியில் யாரும் புதைக்கப்படவில்லை. முதல் உலகப் போரில் வெளிநாட்டில் இறந்த வீரர்களின் உடல்களைத் தாயகத்துக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டன் 1915இல் முடிவெடுத்ததால், நின்று அழுவதற்கு ஒரு குழிமேடுகூட இல்லாமல் போன குடும்பங்கள் தங்கள் ஊரிலேயே நிறுத்திக்கொண்ட கல் அது. ஆகவே அதை வாசிப்பது என்றால், அதிலுள்ள ஒரு பெயரை, அந்த மனிதர் உண்மையில் கிடக்கும் இடம்வரை பின்தொடர்ந்து செல்வது என்று பொருள். அதற்கு ஒரு குறிப்பேடு, பென்சில், கைப்பேசி, சிறிய டார்ச் விளக்கு ஆகியவை போதும்.

படி 1: உள்ளது உள்ளபடி எழுதிக்கொள்ளுதல்

இணையத்தைத் திறப்பதற்கு முன் கல் முழுவதையும் நான்கு பக்கமும் சுற்றிவந்து, எழுத்துப்பிழை என்று உங்களுக்குத் தோன்றுவதையும் திருத்தாமல், வரி வரியாகப் படியெடுங்கள். மழுங்கிய எழுத்துகளுக்கு நேரெதிர் வெளிச்சம் உதவாது; மாலை வெயில் சாய்வாக விழும்போதோ, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தாலோ அவை நிழலாக எழுந்து தெரியும். எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகக் கல்லைச் சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும், கம்பித் தூரிகையால் சுரண்டுவதும், பாசியைப் பெயர்த்தெடுப்பதும் கூடவே கூடாது. கல்லில் ஈயம் பதித்த எழுத்துகள் இருந்தால் ஒரே தேய்ப்பில் உதிர்ந்துவிடக்கூடும்.

நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ‘நினைவுகூரல் ஞாயிறு’. அதற்குப் பின் சில வாரங்களுக்குப் பாப்பி மலர்வளையங்கள் கீழ்வரிசைப் பெயர்களை மறைத்துக் கிடக்கும். அவற்றை நகர்த்துவதைவிட வேறொரு மாதத்தில் செல்வது மரியாதை.

படி 2: ஆண்டுகளையும் வரிசையையும் கவனித்தல்

சில கற்களில் 1914–1918 என்றும் சிலவற்றில் 1914–1919 என்றும் இருக்கும். இரண்டாவது பிழையன்று, துப்பாக்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11 என்றாலும், ஜெர்மனியுடனான வெர்சாய் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28 அன்றுதான்.

பெயர்களின் வரிசை இதைவிடச் சுவையானது. அகரவரிசையில் இருந்தால், பண்ணையார் மகனும் பண்ணைக் கூலியின் மகனும் ஒரே நிலையில் நிற்கிறார்கள். பதவி வரிசையில் இருந்தால், அதிகாரிகள் மேலே ஏறிவிடுகிறார்கள். இந்தக் கற்களுக்குப் பெரும்பாலும் ஊர்மக்களே நன்கொடை திரட்டினார்கள். எந்தப் பெயர் எங்கே என்று முடிவுசெய்ததும் உள்ளூர்க் குழுதான். எனவே வரிசை என்பது அந்த ஊர் தன்னைப் பற்றி எடுத்த தீர்மானம் என்றே நான் கருதுகிறேன். ஒரே மனிதர், பிறந்த ஊர்க் கல்லிலும் வேலை பார்த்த ஊர்க் கல்லிலும் இருமுறை இடம்பெறுவதும், கேட்க யாருமில்லாததால் எங்குமே இடம்பெறாமல் போவதும் உண்டு.

பதவிப் பெயர்களில் ஓர் எச்சரிக்கை. ‘டிரைவர்’ என்பதை மோட்டார் ஓட்டுநர் என்று கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவர் பீரங்கியையோ பொருள்வண்டியையோ இழுத்த குதிரைகளை ஓட்டியவர். ‘கன்னர்’ பீரங்கிப் படையையும் ‘சேப்பர்’ பொறியாளர் படையையும் சேர்ந்தவர்கள்.

படி 3: கல்லை விட்டு விலகி முற்றத்தைச் சுற்றுதல்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இது. புல்லுக்கிடையே, மேல்விளிம்பு மெல்ல வளைந்த வெள்ளை நடுகற்கள் ஒன்றிரண்டு தென்படலாம். ஏறத்தாழ 81 செ.மீ. உயரமும் 38 செ.மீ. அகலமும் கொண்ட அவை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் நாட்டியவை. அவற்றின் அடியில்தான் உடல் இருக்கிறது. உள்நாட்டு மருத்துவமனையிலோ பயிற்சி முகாமிலோ, 1918இன் விஷக் காய்ச்சலிலோ (ஸ்பானிஷ் ஃப்ளூ) இறந்தவர்கள் இவ்வாறு சொந்த மண்ணில் அடங்கினார்கள். பெற்றோரின் கல்லறைகளையும் பாருங்கள். அடியில் ‘மேற்படியாரின் மகன், பிரான்சில் வீழ்ந்தவர்’ என்பதுபோல் ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கும்.

பின்பு தேவாலயத்துக்குள் செல்லுங்கள். சோமர்செட் மாவட்டத்தின் மெல்ஸ் கிராமம் இதற்கு நல்ல பாடம். அங்கே நினைவுத் தூண் தேவாலய முற்றத்தில் இல்லை, ஊர்த் தெருவில் நிற்கிறது. உச்சியில் நாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ் இருக்கும் அதை வடிவமைத்தவர், தில்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த அதே எட்வின் லுட்யன்ஸ். புனித அந்திரேயா ஆலயத்துக்குள் நுழைந்தால், எட்வர்ட் ஹார்னர் குதிரைமேல் அமர்ந்த சிலையையும், ரேமண்ட் அஸ்குவித்துக்கான கல்வெட்டையும் காணலாம். ரேமண்ட், போர் தொடங்கியபோது பிரதமராயிருந்தவரின் மகன். ஹார்னரின் சகோதரி கேத்தரினை மணந்தவர். மைத்துனர்கள் இருவருமே பிரான்சில் இறந்தார்கள்: ரேமண்ட் 1916இல், ஹார்னர் 1917இல். வெளியே முற்றத்தில், போரிலிருந்து உயிரோடு திரும்பிய கவிஞர் சிக்ஃப்ரிட் சசூன் 1967இல் அடக்கம் செய்யப்பட்டார். தெருவில் நின்று தூணை மட்டும் படமெடுத்துத் திரும்பினால் இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

படி 4: பெயரைத் தேடுதல்

இப்போது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தைத் திறக்கலாம். குடும்பப் பெயரை மட்டும் இட்டுத் தேடுங்கள். முழு முதற்பெயரையும் இட்டால், பதிவேட்டில் முதலெழுத்து மட்டும் உள்ளவர்கள் விடுபட்டுவிடுவார்கள். முதல் உலகப் போருக்கு ஆணையம் கணக்கில் கொள்ளும் காலம் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. அதற்குப் பின் காயத்தால் இறந்தவர் ஊர்க் கல்லில் இருந்தும் இந்தப் பட்டியலில் இல்லாதிருக்கலாம்.

ஒரே பெயரில் பலர் வந்தால் ‘கூடுதல் தகவல்’ பகுதியில் பெற்றோரின் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். ரேமண்டைத் தேடினால் கியோமோன் ரோடு கல்லறைத் தோட்டம் என்று வரும். அவருக்குக் குழி இருக்கிறது. தியெப்வால் (பிரான்ஸ்), மெனின் கேட் (பெல்ஜியம்) போன்ற நினைவு வளைவுகளின் பெயர்கள் வந்தால் உடல் கிடைக்கவில்லை, அல்லது அடையாளம் தெரியவில்லை என்று பொருள். தியெப்வாலில் மட்டும் அத்தகைய பெயர்கள் 72,000க்கும் மேல். அத்தகையவருக்கு உங்கள் ஊர்க் கல்லும் அந்த வளைவும் தவிர வேறு இடமில்லை.

படி 5: ஆளை உறுதிசெய்தல்

1911ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே ஊரில், பொருந்தும் வயதில் அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். வீட்டில் யார் யார், அவருக்கு என்ன தொழில் என்பதும் அதில் கிடைக்கும். அடுத்து, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் படைப் பணிக் கோப்புகள். இவை கிடைக்காவிட்டால் உங்கள் தேடலில் குறை காணாதீர்கள். 1940 செப்டம்பரில் அவற்றை வைத்திருந்த லண்டன் கிடங்கின்மேல் விழுந்த குண்டில் சாதாரண வீரர்களின் கோப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை எரிந்துபோயின. அப்போது, வீரர்களுக்குரிய பதக்கங்களைக் குறித்துவைத்த பதிவு அட்டைகளே துணை. ஒரே ஆளுக்கு இரண்டு படை எண்கள் வந்தாலும் குழம்ப வேண்டாம். பிராந்தியப் படையினருக்கு (பகுதிநேரத் தன்னார்வப் படை) 1917இல் புதிதாக ஆறிலக்க எண்கள் வழங்கப்பட்டன.

விடுபட்ட பெயர் கிடைத்தால்

உற்சாகத்தில் கல்தச்சரை அழைத்துவிடாதீர்கள். போர்க் கல்லறை ஆணையத்துக்கு ஊர் நினைவுச் சின்னங்கள்மேல் பொறுப்பில்லை. அவை பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தையோ தேவாலயத்தையோ சேர்ந்தவை. இங்கிலாந்துத் திருச்சபையின் முற்றத்தில் நிற்கும் கல்லில் ஓர் எழுத்தைச் சேர்ப்பதற்கும் திருமண்டலத்தின் முறையான அனுமதி வேண்டும். முதலில் போதகரைச் சந்தித்து, படியெடுத்த குறிப்பையும் சான்றுகளின் நகல்களையும் கொடுங்கள்.