வாளி நண்டும் வெயிலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் உள்ள குரோமர் கடற்பாலத்தில், கோடை விடுமுறையில் பிள்ளைகள் கயிற்றில் இறைச்சித் துண்டைக் கட்டி நண்டு பிடிப்பார்கள். பிரிட்டன் கரையெங்கும் நடக்கும் இந்த விளையாட்டில் பெரும்பாலும் சிக்குவது பச்சைக் கரைநண்டு. யாரும் அதைச் சமைப்பதில்லை. வாளியில் போட்டு வேடிக்கை பார்த்துவிட்டுக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். பிடிப்பதில் பெரிய கேடு இல்லை. கேடெல்லாம் வாளியில்தான்.

'கடல்நீர்தானே ஊற்றியிருக்கிறோம்' என்று வாளியை வெயிலில் வைப்பதுதான் முதல் தவறு. நீரின் வெப்பம் எதுவோ அதுவே நண்டின் உடல் வெப்பமும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் 6 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். நண்டின் தேவையோ ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் இரண்டு மடங்காகும், சில வேளை அதற்கும் மேலே போகும். வரவு சுருங்கும்போதே செலவு பெருகும் குடும்பத்தின் நிலைதான். செவுள் அறை வழியாக நீரை ஓட்டும் துடுப்புகள் வேகமாக அடிக்கின்றன, இதயமும் விரைகிறது. அந்தக் கூடுதல் உழைப்புக்கும் ஆக்சிஜன் வேண்டும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கொண்ட ஹீமோசயனின் என்ற புரதம். சூட்டில் அதன் பிடிப்பு தளர்கிறது. தசைகளுக்கு எளிதாகக் கொடுத்துவிடும். ஆனால் ஆக்சிஜன் குறைந்த நீரிலிருந்து செவுளில் ஏற்றிக்கொள்ளத் திணறும். சூடு நேரடியாகக் கொல்வதற்கு முன்பே மூச்சுத்திணறல் முந்திக்கொள்கிறது. ஒரே வாளியில் நிறைய நண்டுகளை அடைத்தால் இருக்கிற ஆக்சிஜனும் விரைவில் தீர்ந்துவிடும்.

குளிர்விக்கிறேன் என்று ஐஸ் கட்டி போடுவதும் உதவாது. உருகி வருவது நன்னீர், உப்பு குறைந்துவிடும். நிழலும் அடிக்கடி மாற்றிய கடல்நீரும் போதும்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இன்னொன்று. நண்டு நீர்மட்டத்துக்கு மேலே முகத்தை நீட்டிக் குமிழி விட்டால், தப்பிக்கப் பார்க்கிறது என்று மறுபடி உள்ளே தள்ளுகிறார்கள். அது தப்பிக்கவில்லை, மூச்சு விடுகிறது. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் பச்சைக் கரைநண்டு பாதி உடலை வெளியே நீட்டி, செவுள் வழியே ஓடும் நீரின் திசையை மாற்றி, செவுள் அறைக்குள் காற்றை இழுக்கும். ஒரே கொள்ளளவில், காற்றிலுள்ள ஆக்சிஜன் கடல்நீரில் இருப்பதைப்போல 30 மடங்குக்கும் அதிகம். ஏறி நிற்க வாளியில் ஒரு கல்லைப் போடுங்கள்.

அசையாத நண்டெல்லாம் செத்த நண்டும் அல்ல. ஓய்வில் இருக்கும்போது செவுள் துடுப்புகளும் இதயமும் ஒருசேரச் சற்று நின்று, பிறகு இயங்குவது இதற்கு இயல்பு. குளிர்ந்த நீரில் எல்லாமே மந்தமாகும். குப்பையில் எறிய அவசரப்பட வேண்டாம்.

படித்தவர்களிடமும் ஒரு தவறான எண்ணம் உண்டு: அதிக வெயிலைத் தாங்கும் இனம் புவி வெப்பமாதலையும் தாங்கிவிடும் என்பது. பசிபிக் கரையின் பீங்கான் நண்டுகள் என்ற சிறு நண்டு இனங்களை ஆராய்ந்த உயிரியலாளர் ஜோனதன் ஸ்டில்மன் 2003இல் இதற்கு நேர்மாறானதைக் காட்டினார். அதிக வெப்பம் தாங்கும் இனங்களுக்கே தங்கள் இதயம் தாங்கும் வெப்ப வரம்பை மேலும் உயர்த்திக்கொள்ளும் திறன் குறைவு. அவை வாழும், அலை வற்றும்போது வெயில் படும் மேல்கரையின் உச்ச வெப்பம் அந்த வரம்பை ஏற்கெனவே நெருங்கிவிட்டது.