டெபியன் நிறுவும்போது 'வேண்டாத' டிரைவர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் முதல் வேலையாக டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) கழிக்கத் தொடங்குகிறார்கள். தன் மெஷினில் இல்லாத கார்டுக்கெல்லாம் டிரைவர் எதற்கு, எடுத்துவிட்டால் வேகம் கூடுமே என்று நினைக்கிறார்கள். வேகம் கூடாது. லினக்ஸ் டிரைவர்களில் பெரும்பாலானவை தனித்தனி மாட்யூல் கோப்புகளாக டிஸ்க்கில் சும்மா கிடப்பவை. ஒரு சாதனம் கண்ணில் பட்டதும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதன் அடையாளத்தை அறிவிக்கும், அதற்குப் பொருந்தும் மாட்யூலை மட்டும் யூடெவ் என்ற பின்னணி நிரல் ஏற்றும். சாதனம் இல்லாவிட்டால் அதன் மாட்யூல் ராமுக்கு வராது. ஏறியிருப்பவை எவை என்று 'எல்எஸ்மாட்' கட்டளை காட்டும்.

இனிட்ஆர்டியில் 'டார்கெட்டட்' தேர்வு

இனிட்ஆர்டி (இனிட்ராம்எஃப்எஸ் என்றும் சொல்வார்கள்) என்பது, டிஸ்க்கைத் திறக்கக் கெர்னலுக்கு வேண்டிய டிரைவர்களை வைத்திருக்கும் சிறு தொகுப்பு. பூட் ஆகும்போது கெர்னலோடு சேர்ந்து ராமில் ஏறும். இன்ஸ்டாலரை எக்ஸ்பர்ட் முறையில் ஓட்டினால், இனிட்ஆர்டியில் எந்த டிரைவர்களைச் சேர்க்கலாம் என்று ஒரு கேள்வி வரும். 'ஜெனரிக்' என்றால் பூட் ஆகத் தேவைப்படக்கூடிய டிரைவர்கள் அத்தனையும். 'டார்கெட்டட்' என்றால் இந்த மெஷினுக்கு இன்று தேவையானவை மட்டும். புதியவர்கள் இரண்டாவதை எடுத்துவிடுகிறார்கள். மெஷின் ஒழுங்காக பூட் ஆகும், மாதக்கணக்கில் ஒரு குறையும் தெரியாது. இந்தத் தவறு இன்னமும் எரிச்சலூட்டுவது இதனால்தான். செய்த அன்றே மாட்டிக்கொண்டால் காரணம் உடனே தெரிந்திருக்கும்.

வழக்கமாக நடப்பது இது. சாட்டா எஸ்எஸ்டியில் டெபியன் ஓடுகிறது. புதிதாக, வேறு வகை இணைப்புள்ள ஒரு என்விஎம்இ டிஸ்க் வாங்கி, பழையதை அப்படியே அதில் க்ளோன் செய்கிறார்கள். பூட் லோடரான க்ரப்பின் மெனு வருகிறது, கெர்னலும் ஏறுகிறது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டு, இந்த யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) உள்ள டிஸ்க் இல்லை என்ற 'அலெர்ட்!' வரியோடு இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் (கட்டளை இடும் திரை) போய் விழுகிறது. க்ளோன் சரியில்லை என்று திரும்பச் செய்வார்கள். பிறகு டிஸ்க்கே கோளாறு என்று கடையில் திருப்பிக் கொடுப்பார்கள். டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. க்ரப், மதர்போர்டின் ஃபர்ம்வேர் வழியாக டிஸ்க்கைப் படிப்பதால் அதுவரை பிரச்சினை வராது. அதற்குப்பின் கெர்னலுக்குச் சொந்த டிரைவர் வேண்டும். இனிட்ஆர்டியில் இருப்பதோ சாட்டாவுக்கான 'ஏஹெச்சிஐ' மட்டும். என்விஎம்இ மாட்யூலோ, முழு சிஸ்டமும் இருக்கும், இப்போது திறக்க முடியாத அந்த ரூட் பார்ட்டிஷனுக்குள்ளேயே இருக்கிறது, சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியதுபோல. அந்த ஷெல்லிலேயே ப்ராக் அடைவில் உள்ள 'பார்ட்டிஷன்ஸ்' கோப்பை 'கேட்' கட்டளையால் பாருங்கள். என்விஎம்இ என்று தொடங்கும் பெயருள்ள வரியே இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பயாஸில் இன்டெல் விஎம்டியை (என்விஎம்இ டிஸ்க்குகளை வேறொரு கன்ட்ரோலர் வழியாகக் காட்டும் வசதி) ஆன் செய்தாலும், டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டு பூட் செய்தாலும், மெஷினை கேவிஎம் என்ற மெய்நிகர் மெஷினுக்கு மாற்றி விர்ட்ஐஓ வகை மெய்நிகர் டிஸ்க் கொடுத்தாலும் இதே கதைதான்.

பழைய டிஸ்க் கையில் இருந்தால் அதில் பூட் செய்து, சரிசெய்துவிட்டுக் க்ளோன் எடுங்கள். இல்லையென்றால் இன்ஸ்டாலர் பென்டிரைவில் ரெஸ்க்யூ முறைக்குப் போய், உங்கள் ரூட் பார்ட்டிஷனில் ஷெல்லைத் திறக்க வேண்டும். பூட் தனிப் பார்ட்டிஷன் என்றால் அதுவும் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் புதிய இனிட்ஆர்டி தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

இங்கேதான் பலர் இரண்டாவது முறையாகச் சறுக்குகிறார்கள். 'இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப்' கோப்பில் 'மாட்யூல்ஸ்' வரியைப் பார்த்தால் ஏற்கெனவே 'மோஸ்ட்' (அதாவது 'ஜெனரிக்') என்றுதான் இருக்கும். இன்ஸ்டாலர் உங்கள் தேர்வை எழுதிவைத்த இடம் அதுவல்ல. பக்கத்தில் உள்ள 'கான்ஃப்.டி' அடைவில் 'டிரைவர்-பாலிசி' என்ற கோப்பு இருக்கும். அதில் உள்ள 'டெப்' (அதாவது 'டார்கெட்டட்') என்ற மதிப்புதான் செல்லும். அதை 'மோஸ்ட்' ஆக்குங்கள். பிறகு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை 'யூ' விருப்பத்தோடும் 'கே ஆல்' விருப்பத்தோடும் ஓட்டுங்கள். 'கே ஆல்' விட்டுப்போனால் புதிய கெர்னலின் இனிட்ஆர்டி மட்டுமே மாறும். 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' தரும் பட்டியலில் என்விஎம்இ வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே ரீபூட்.

பூட் பார்ட்டிஷனில் இடம் போதாமல் 'டார்கெட்டட்' எடுத்தேன் என்பவர்கள் பழைய கெர்னல்களை நீக்கட்டும். அதற்குமேலும் இடம் வேண்டுமென்றால் இனிட்ஆர்டி சுருக்கத்தை 'எக்ஸ்இசட்'டுக்கு மாற்றலாம்.

மாட்யூல் கோப்புகளைக் கையால் அழிப்பது

வேண்டாம். அடுத்த கெர்னல் அப்டேட்டில் எல்லாம் திரும்ப வரும்.

பிளாக்லிஸ்ட் வரி போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

உண்மையிலேயே நிறுத்தவேண்டிய டிரைவர்களும் உண்டு. என்விடியாவின் சொந்த டிரைவரைப் போடும்போது, அதே கார்டுகளுக்கு லினக்ஸோடு வரும் 'நூவோ' அப்படி ஒன்று. ஆனால் 'பிளாக்லிஸ்ட்' வரி தடுப்பது, சாதனத்தைப் பார்த்துத் தானாக ஏறுவதை மட்டும். இன்னொரு மாட்யூல் அதைச் சார்ந்திருந்தாலோ, யாராவது பெயர் சொல்லி அழைத்தாலோ ஏறிவிடும். அடியோடு தடுக்க, 'மாட்ப்ரோப்.டி' அடைவில் உள்ள கோப்பில் 'இன்ஸ்டால்' என்று தொடங்கி, மாட்யூல் பெயரை எழுதி, 'பின்' (bin) என்ற அடைவில் உள்ள 'ஃபால்ஸ்' நிரலைச் சுட்டும் வரி வேண்டும். மாட்யூல் இனிட்ஆர்டிக்குள்ளும் இருக்கலாம் என்பதால், எழுதியபின் இனிட்ஆர்டியையும் புதுப்பிக்க வேண்டும்.

ஃபர்ம்வேரையும் மைக்ரோகோடையும் டிரைவர் கணக்கில் சேர்த்து நீக்குவது

ஃபர்ம்வேர் என்பது சாதனத்துக்குள் ஏற்றப்படும் நிரல். அது போனால் பெரும்பாலும் வைஃபை போய்விடும். மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஏறும் நிரல்) போனால் அது கொண்டுவரும், ப்ராசஸருக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் போகும்.

'லோக்கல்மாட்கான்ஃபிக்'கை அவசரமாக ஓட்டுவது

அந்த நிமிஷத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துச் சொந்தமாக ஒரு கெர்னல் கட்ட இந்தக் கட்டளை உதவும். ஓட்டுவதற்கு முன் பிரின்டர், யூஎஸ்பி வைஃபை, வெப்கேம் எல்லாவற்றையும் செருகுங்கள். எஃப்ஏடி, எக்ஸ்எஃப்ஏடி பென்டிரைவ்களை ஒருமுறை மவுன்ட் செய்யுங்கள். டெபியனின் சொந்தக் கெர்னலை க்ரப் மெனுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.