தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு: தொடங்குவதும் கெடாமல் நடத்துவதும்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆறு வருடமாக நடக்கிறது. 62 வீடுகள். காவிரித் தண்ணீர் திறந்தாகிவிட்டதா, கரண்ட் எப்போது வரும், தெருமுனை விளக்கு எரியாததற்கு யார் மனு கொடுப்பது என்று தினமும் நாலைந்து செய்தி வரும். அவ்வளவுதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வீட்டில் மூச்சுத்திணறல் என்று ஒரு வரி வந்தால், பத்து நிமிடத்தில் வாசலில் கார் நிற்கும்.

அதற்கு முன் நான் தொடங்கிய குழு நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. அதில் கற்றதையும் சேர்த்து, முதல்முறையாகக் குழு தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். பள்ளிப் பெற்றோர், பழைய மாணவர்கள், திருவிழாக் கமிட்டி எதற்கும் இதே முறைதான். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் போடும் எந்தச் செய்திக்கும் ஒரு தேதி வேண்டும், ஒரு ஆள் வேண்டும், ஒரு முடிவு வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

படி 1: எதற்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

போனைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "எங்கள் தெருவின் தண்ணீர், கரண்ட், குப்பை, அவசர உதவி." இப்படி ஒரே வரியில் வந்துவிட்டால் சரி. வரவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் யோசியுங்கள். என் முதல் குழுவின் பெயர் "நம்ம ஏரியா நண்பர்கள்". நண்பர்கள் என்றால் எதை வேண்டுமானாலும் பேசலாமே! பேசினார்கள். இரண்டாவது குழுவுக்குத் தெருப் பெயரையே வைத்தோம். தெருவுக்குச் சம்பந்தமில்லாத செய்தி வந்தால், "இது தெரு குரூப்தானே?" என்று அடுத்தவர்களே கேட்டுவிடுகிறார்கள். நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

படி 2: கேட்டுவிட்டுச் சேருங்கள்

போனில் இருக்கிற எண்களையெல்லாம் மொத்தமாகச் சேர்த்துவிடாதீர்கள். குழுவில் சேர்ந்த நொடியிலேயே ஒருவருடைய எண் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். தனியாக இருக்கும் பெண்கள், வெளியூர்களிலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருக்கும் மாணவிகள், நர்ஸுகள் எல்லாம் நம் தெருக்களில் நிறையப் பேர். அவர்கள் எண்ணை முன்பின் தெரியாத நூறு பேரிடம் கொடுக்க நமக்கு யார் அனுமதி தந்தது? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "தெருவுக்கு ஒரு குரூப் ஆரம்பிக்கிறோம். உங்க நம்பர் எல்லாருக்கும் தெரியும், பரவாயில்லையா?" என்று கேளுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்க விடுகிறது. அந்த எண்ணைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இருபது பேரோடு தொடங்குங்கள். அழைப்பு லிங்கை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள்.

படி 3: செட்டிங்

இது ஐந்து நிமிட வேலை. குழுவின் பெயரைத் தட்டி, குரூப் பர்மிஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். பெயரையும் படத்தையும் மாற்றும் உரிமை, புது ஆளைச் சேர்க்கும் உரிமை, இரண்டையும் அட்மின்களிடம் வையுங்கள். புதிதாக வருபவரை அட்மின் ஒப்புக்கொண்ட பிறகே சேர்க்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். செய்தி அனுப்பும் உரிமையை எல்லோருக்கும் விட்டுவிடுங்கள். அட்மின் மட்டுமே பேசும் குழு நோட்டீஸ் போர்டு மாதிரி. அதில் யாரும் யாருக்கும் உதவ வர மாட்டார்கள்.

அட்மின் மூன்று பேர் இருக்கட்டும். மூவரில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெண்களுக்கு ஒரு தொந்தரவு என்றால் என்னிடம் சொல்லத் தயங்குவார்கள். எங்கள் குழுவில் இருக்கும் அக்காவிடம் தயங்காமல் சொல்கிறார்கள்.

படி 4: விதி நான்கு வரிக்கு மேல் வேண்டாம்

குழுவின் விவரத்தில் எழுதிவையுங்கள். எங்களுடையது இது:

"தெரு விஷயம் மட்டும். இரவு பத்துக்குப் பிறகு அவசரம் என்றால் மட்டும். கட்சி, சாதி, மத விவகாரம் வேண்டாம். அடுத்தவர் படமோ எண்ணோ அவரைக் கேட்காமல் போட வேண்டாம்."

காலை வணக்கப் படங்களுக்குத் தடை போடவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா தினமும் ஒரு பூப்படம் போடுகிறார். ஒருநாள் போடவில்லை என்று போய்ப் பார்த்தபோதுதான் கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடந்தார். அதிலிருந்து அந்தப் பூவை யாரும் குறை சொல்வதில்லை.

எங்கள் பக்கம் உருதும் தெலுங்கும் பேசும் வீடுகள் நிறைய. தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அவர்கள் குரல் செய்தி அனுப்பட்டும். அரை நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள், போதும்.

படி 5: செய்தியை எழுதும் முறை

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

வேலூரில் எந்தக் குழுவில் இருந்தாலும் ரத்தம் கேட்டுச் செய்தி வரும். இங்குள்ள சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர்களுக்கு இங்கே சொந்தம் என்று யாருமில்லை. அதனால் ரத்தம் என்றாலே நமக்குக் கை பரபரக்கும். முன்பு ஒருநாள், "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை, உடனே அழைக்கவும்" என்று எனக்கு வந்ததை அப்படியே என் முதல் குழுவில் போட்டேன். காகிதப்பட்டறையில் இருக்கும் ஒரு தம்பி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறான். எடுத்தது ஒரு பெண். "அவர் போய் நாற்பது நாள் ஆச்சுங்க. இன்னும் தினமும் பத்து பேர் கூப்பிடுறாங்க" என்று அழுதிருக்கிறார். செய்தியில் தேதி இல்லை. நானும் கேட்கவில்லை. அந்த அம்மாவின் அழுகையில் எனக்கும் பங்கு உண்டு என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது எங்கள் குழுவில் ரத்தச் செய்தி இப்படித்தான் வரும்:

"12-3-2025, புதன், காலை 9 மணி. ஓ நெகட்டிவ், 2 யூனிட். மருத்துவமனை பெயர், பிளட் பேங்க் எந்தப் பக்கம். இன்று மாலை 4-க்குள் வேண்டும். நோயாளியோடு இருப்பவர் எண். நான் காலை 8.45-க்கு இந்த எண்ணில் பேசி உறுதி செய்தேன். கிடைத்ததும் இங்கேயே சொல்கிறேன்."

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். அனுப்பியவர் தானே பேசியிருக்கிறார், முடிவையும் தானே சொல்வதாக ஏற்றிருக்கிறார். ரத்தம் கிடைத்ததும் "கிடைத்துவிட்டது, இனி அழைக்க வேண்டாம்" என்று போட்டு, பழைய செய்தியை அட்மின் அழித்துவிடுவார். நோயாளியின் பெயர், ஸ்கேன் ரிப்போர்ட், படுக்கையில் இருக்கும் படம் எதுவும் குழுவில் வேண்டாம். கொடுக்க வருபவரிடம் போனில் சொன்னால் போதும்.

முழு ரத்தமா, தட்டணுவா (பிளேட்லெட்) என்பதையும் கேட்டு எழுதுங்கள். தட்டணுவை ஐந்து நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால்தான் அதற்கு அடிக்கடி ஆள் தேடுகிறார்கள். முழு ரத்தம் கொடுத்த ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் இடைவெளி விட வேண்டும். யார் எப்போது கொடுத்தார் என்று ஒரு அட்மின் நோட்டில் குறித்துவைத்தால், அந்த இடைவெளிக்குள் இருப்பவரை மறுபடி தொந்தரவு செய்ய மாட்டோம்.

தண்ணீர், கரண்ட் செய்திக்கும் இதே கணக்குதான். "கரண்ட் இல்லை" என்று எட்டுப் பேர் எழுதுவதைவிட, "மின்வாரியத்தின் மின்னகத்துக்கு 7.10-க்குப் புகார் சொல்லிவிட்டேன்" என்று ஒருவர் எழுதினால் மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

படி 6: ஃபார்வர்டு

இந்த விஷயத்தில் நம் பழைய வடஆற்காட்டுக்காரர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் கடைசியில், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரத்தில், குடியாத்தம் பக்கம் இந்தி பேசிய ஒருவரை அடித்தே கொன்றார்கள். அடுத்த மாதமே போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பத்தை ஊரே சூழ்ந்து அடித்தது. சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா இறந்துபோனார். அவர் செய்தது, வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அந்த வதந்திகளிலும் தேதி கிடையாது, எழுதியவர் பெயர் கிடையாது. அனுப்பிய யாரும் கெட்டவர்கள் இல்லை, நம்மைப் போலப் பிள்ளைகளை நினைத்துப் பயந்தவர்கள்தான்.

அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. இப்போது பல கை மாறி வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். எங்கள் வழக்கம், இரட்டை அம்பு இருந்தால் குழுவில் போடுவதில்லை. அது உண்மை என்று தோன்றினால் அட்மினுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அவர் காவல் நிலையத்துக்கோ சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கோ பேசிவிட்டு, தன் சொந்த வரியில், தேதியோடு எழுதுவார்.

பாலாற்று வீடியோக்களும் அப்படித்தான். 2021 நவம்பரில் பாலாறு கரை முட்ட ஓடியபோது எடுத்தது, ஒவ்வொரு மழைக்கும் "இப்போது, சற்றுமுன்" என்று சுற்றுகிறது. ஆற்றோரம் இருப்பவர் ஒருவர் குழுவில் இருந்தால், "அண்ணே, தண்ணி எதுவரைக்கும் இருக்கு?" என்று கேட்டு, அவரே அன்றைக்கு எடுத்த படத்தைப் போடச் சொல்லுங்கள்.

யாராவது பணமோசடி லிங்கில் சிக்கிவிட்டால், குழுவில் விவாதிக்க உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். அங்கே நேரம்தான் முக்கியம்.

படி 7: சண்டை வந்தால்

வரும். குழுவில் பதில் எழுதாதீர்கள். போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். தேர்தல் சமயத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்சிச் செய்தியாகப் போட்டுத் தள்ளினார். சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "சார், நீங்க போடறது தப்புன்னு சொல்ல வரலை. நாளைக்கு எதிர்க்கட்சிக்காரரும் போடுவாரு, அப்புறம் தண்ணி வந்துச்சான்னு கேக்க இடம் இருக்காது" என்றேன். காபி வந்தது. அவரே செய்திகளை அழித்தார். எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால் அவர் குழுவை விட்டுப் போயிருப்பார், எனக்கும் வணக்கம் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டு முறை தனியாகச் சொல்லியும் கேட்காதவரை, மூன்று அட்மின்களும் பேசி நீக்கலாம். ஆனால் பெண்களுக்குத் தனியாகத் தொல்லை தரும் செய்தி அனுப்பியவருக்கு முதல் எச்சரிக்கையே கிடையாது. அன்றே நீக்குங்கள். அந்தப் பெண் விரும்பினால் புகார் கொடுக்கக் கூடவே போங்கள்.

அடுத்தவர் போட்டதற்கு அட்மின் ஜெயிலுக்குப் போக வேண்டுமா என்று பலர் பயப்படுகிறார்கள். அட்மினாக இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் சொல்லியிருக்கிறது. அதற்காகத் தப்பான செய்தியைப் பார்த்தும் விட்டுவைக்க வேண்டாம். அட்மினால் யார் செய்தியையும் அழிக்க முடியும்.

படி 8: சாவுச் செய்தி

வீட்டார் சொல்லும் முன் நாம் போடக் கூடாது. வெளியூரில் இருக்கும் மகன் அப்பா இறந்ததைக் குழுவில் படித்துத் தெரிந்துகொள்வது எவ்வளவு கொடுமை! வீட்டார் சொன்ன பிறகு, எடுக்கும் நேரத்தோடு ஒருவர் எழுதினால் போதும். அதன் கீழே கைகூப்பும் படம் ஐம்பது வந்தால், நேரம் எழுதிய வரி மேலே போய்விடும். அதனால் அந்தச் செய்தியை மேலே பின் செய்துவையுங்கள்.

படி 9: முடிப்பது

திருவிழா, அன்னதானம் என்று ஒரு வேலைக்காகத் தொடங்கிய குழுவாக இருந்தால், வேலை முடிந்ததும் வரவு செலவைப் படமெடுத்துப் போடுங்கள். கேள்வி கேட்க ஒரு வாரம் கொடுங்கள். பிறகு நன்றி சொல்லி, எல்லோரையும் நீக்கிவிட்டு, கடைசியாக நீங்கள் வெளியேறுங்கள். நீங்கள் மட்டும் சொல்லாமல் வெளியேறினால், வேறு அட்மின் இல்லாத குழுவில் வாட்ஸ்அப்பே யாரோ ஒருவரை அட்மினாக்கிவிடும். அவருக்கு எதற்கென்றே தெரியாது. தெருக் குழு தொடர்ந்து நடக்க வேண்டியது. அதில் அட்மின் பொறுப்பை விடுவதாக இருந்தால், அடுத்தவரை முதலில் ஆக்கிவிட்டு, அந்த ரத்த நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு விடுங்கள்.